ஓரத்தைப் பாருங்க

ரேடியோ வானியல் படிக்க ஆசைப்படுற சோமனூர்ப் பிள்ளைகளுக்கு, கேலக்ஸிகளோட வெளி ஓரத்துல இருக்கிற குளிர்ந்த ஹைட்ரஜனைத் தேடறதைப் பத்தி நான் சொல்லி வைக்கிறது இவ்வளவுதானுங்க.

1. முதல்ல ஒரு எண்ணை மனசுல ஏத்திக்குங்க: 1420.4 மெகாஹெர்ட்ஸ். குளிர்ந்த ஹைட்ரஜன் அணு தானா விடுற அலை. நீளம் 21 சென்டிமீட்டர். ஒரு அணு அந்த அலையை வெளியிட சராசரியா ஒரு கோடி வருசம் ஆகும். அணுக்கள் கணக்கில்லாம கிடக்கிறதாலதான் நமக்கு எட்டுது.

2. கிட்டத்துல இருக்குதுன்னு ஊட்டி முத்தோரைத் தொலைநோக்கியை நம்பி உக்காராதீங்க. 1970-ல் கோவிந்த் ஸ்வரூப் குழு கட்டி முடிச்ச அந்த 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கி கேக்கிறது 327 மெகாஹெர்ட்ஸ் பக்கம். அக்கம்பக்கத்துக் கேலக்ஸியோட 21 செ.மீ. அலை அதுல விழாது. அதுக்குப் புனேவுக்கு வடக்கே கோடாட்டுல ஜி.எம்.ஆர்.டி. ரேடியோ தொலைநோக்கி இருக்குது: 45 மீட்டர் அகலத்துல 30 தட்டுகள். ஆனாலும் முத்தோரையை ஒருக்கா போய்ப் பாருங்க. 11 டிகிரி சரிவைத் தேடி எதுக்குக் கட்டினாங்கன்னு யோசிங்க. ஊட்டியோட அட்சரேகையும் அதேதான்.

3. கணக்கைக் கையாலயே போடுங்க. விலகிப் போற வாயுவோட அதிர்வெண் இறங்கும், நெருங்கி வர்றதோடது ஏறும். நொடிக்கு 100 கிலோமீட்டர்னா வித்தியாசம் சுமார் 0.47 மெகாஹெர்ட்ஸ். கேலக்ஸி எவ்வளவு வேகமா சுத்துதுன்னு இதுலதான் தெரியும்.

4. காசு சேரட்டும்னு காத்திருக்காதீங்க. அட்டையில அலுமினியத் தாள் ஒட்டுன கூம்பு ஆன்டெனா, ஒரு பெருக்கி, கணினியில செருகற ஒரு எஸ்.டி.ஆர். ரேடியோ டாங்கிள் போதும், நம்ம பால்வீதியோட ஹைட்ரஜனை வீட்டு மொட்டைமாடியிலேயே பிடிக்கலாம்.

5. அவசரம் ஆகாது. தறிக்குடோனுக்குள்ள ஒருத்தர் முணுமுணுக்கிறதைக் கேக்கிற வேலை இது. இரைச்சல் பாதியாகணும்னா நாலு மடங்கு நேரம் கேக்கணும்.

6. நட்சத்திரம் முடியற இடத்துல நிக்காதீங்க. என்.ஜி.சி. 3741-ங்கிற குட்டிக் கேலக்ஸியை ஆயிஷா பேகம், ஜெயராம் செங்கலூர் குழு ஜி.எம்.ஆர்.டி.யில் பார்த்து 2005-ல் எழுதினாங்க. ஒளி தெரியற வட்டத்தைப் போல எட்டு மடங்குக்கு மேல வாயு விரிஞ்சிருந்தது. அத்தனை தூரத்துலயும் சுழற்சி வேகம் குறையலை. கண்ணுக்குத் தெரியற பொருளோட ஈர்ப்பு அதுக்குப் பத்தாது; அதனாலதான் கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் இருக்குதுங்கிறாங்க.

7. உங்க வரைபடத்துல வாயு முடிஞ்சா, முடிஞ்சது வாயுவா, கருவியோட திறனான்னு கேளுங்க. இரைச்சல் அளவைப் பக்கத்துல எழுதாம "இதுதான் எல்லை"ன்னு எங்கேயும் எழுதாதீங்க.