உதட்டைத் தூக்கிப் பாருங்கள்

தூத்துக்குடிப் புழுக்கத்தில் நாய்க்கு ஆண்டு முழுக்க உண்ணித் தொல்லைதான். சோற்றை மோந்துவிட்டு ஒதுங்கினால் மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். விரலால் அழுத்தி எடுத்தால் 2 நொடிக்குள் இளஞ்சிவப்பு திரும்ப வேண்டும். ஈறு கறுத்த நாய்க்குக் கீழ் இமையின் உட்புறம் பாருங்கள். வெளிறியிருந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனை அவசியம்.

திரேஸ்புரம் போன்ற கரைகளில் வலையிலிருந்து உதறிப்போடும் பேத்தை மீனை நாய் தின்றால் வாந்தி, தள்ளாட்டம், மூச்சுத்திணறல் வரும். அந்த நஞ்சுக்கு முறிவு மருந்து கிடையாது. அறிகுறிக்குக் காத்திராமல் உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். தூண்டில் முள் விழுங்கியிருந்தால் தங்கூசு நரம்பைப் பிடித்து இழுக்கவே கூடாது.

கடுவன் பூனை முக்கி முக்கியும் சிறுநீர் வரவில்லையா? மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் புகட்டாதீர்கள். அது சிறுநீர் அடைப்பாக இருக்கலாம், அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். வலிக்கு என்று பாராசிட்டமாலும் கொடுக்காதீர்கள், அது பூனைக்கு நஞ்சு.