சக்கரத்திற்கு வேண்டிய இடம்

(உரைநடைப் பாடம்)

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா, கல்லாறு வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் மலைச்சாலையில் 22 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏறும்போது எஞ்சினின் வலிமை சோதிக்கப்படுகிறது. இறங்கும்போது முன்சக்கரங்கள் சோதிக்கப்படுகின்றன. தாழ்ந்த உடலமைப்புடைய ஸ்போர்ட்ஸ் கார் இத்தகைய வளைவுகளில் இறங்கும்போது, முன்புறத்தில் சில வேளைகளில் ஓர் உராய்வொலி எழுவதுண்டு. சுழலும் டயர், மட்கார்டின் விளிம்பையோ அதன் உட்புறத்தையோ தொடுவதால் எழும் ஒலி அது.

நிற்கும் வண்டியில் டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே இரண்டு விரல் நுழையும் இடம் இருக்கலாம். ஆனால், ஓடும் வண்டியில் அந்த இடைவெளி நிலையாக இருப்பதில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்சக்கரமும் திரும்பி, தன் ஓரங்களால் கூடுதல் இடத்தை அடைத்துக்கொள்கிறது. பிரேக்கை அழுத்தினால் வண்டியின் எடை முன்னோக்கிச் சாய்ந்து, முன்பக்கச் சுருள்வில்லை அமுக்குகிறது. வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரத்தின்மீது சுமை மேலும் கூடுகிறது. அவ்வேளையில் ஒரு பள்ளமும் குறுக்கிட்டால், சக்கரம் சட்டென மேலெழும்பும். மலையிறக்கத்தில் இவையனைத்தும் ஒரே நொடியில் நிகழலாம். எனவே, சமதளத்தில் உரசாத டயர் மலைப்பாதையில் உரசக்கூடும்.

இந்த உராய்வைச் சிறிய தொல்லையென்று ஒதுக்கலாகாது. கூர்மையான விளிம்பு, டயரின் பக்கச் சுவரை மெல்ல மெல்ல அறுத்துவிடும். பக்கச் சுவர் மெல்லியது. வண்டி ஓடும்போது ஓயாது வளைந்து நிமிர்வது. ஆகையால், அங்கு ஏற்படும் வெட்டை, ஆணி குத்திய துளையை ஒட்டுவதுபோல ஒட்டிச் சரிசெய்ய இயலாது. இறக்கத்தில் டயர் வெடித்தால் ஆபத்து வண்டியில் இருப்போருக்கு மட்டுமன்று. எதிரே வரும் பேருந்துக்கும் ஓரத்தில் நடப்பவருக்கும் உண்டு.

பல வண்டிகளில் இச்சிக்கல், அழகு கருதிச் செய்யும் மாற்றத்தால் உண்டாகிறது. ஒரு காருக்குரிய டயர் 205/55 ஆர் 16 எனக் கொள்வோம். 205 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 55 என்பது அகலத்தில் பக்கச் சுவரின் உயரம் எத்தனை விழுக்காடு என்பதைக் குறிக்கும். 16 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். இதன் முழு விட்டம் ஏறத்தாழ 632 மில்லிமீட்டர். இதற்கு மாற்றாக 225/50 ஆர் 17 பொருத்தினால், விட்டம் ஏறத்தாழ 657 மில்லிமீட்டர் ஆகும். அச்சின் மையத்திலிருந்து டயரின் மேல்விளிம்பு 12 மில்லிமீட்டருக்கு மேல் உயர்கிறது. இருபுறமும் அகலம் 10 மில்லிமீட்டர் கூடுகிறது. ரிம்மின் 'ஆஃப்செட்' அளவு 45 இலிருந்து 35 ஆகக் குறைந்தால், சக்கரம் மேலும் 10 மில்லிமீட்டர் வெளியே வரும். அப்போது உள்விளிம்பு பழைய இடத்திலேயே இருக்க, வெளிவிளிம்பு மட்டும் 20 மில்லிமீட்டர் வெளியே நீண்டுவிடும். அதன்பின் வண்டியையும் தாழ்த்தினால், சக்கரம் மேலெழ இடம் ஏது?

இச்சிக்கல் எல்லாப் பந்தய வண்டிகளுக்கும் உரியதன்று. கோயம்புத்தூர் அருகே செட்டிப்பாளையத்தில், கரிவரதன் என்னும் பந்தய வீரரின் நினைவாகப் பெயரிடப்பட்ட கரி மோட்டார் ஸ்பீட்வே உள்ளது. அங்கு ஓடும் ஃபார்முலா வகைக் கார்களின் சக்கரங்கள் மூடப்படாதவை; உரசுவதற்கு மட்கார்டே இல்லை. சாலையில் ஓடும் காருக்கோ மட்கார்டு இன்றியமையாதது. அது சேற்றையும் கல்லையும் பிறர்மீது தெறிக்காமல் தடுக்கிறது.

உராய்வை நீக்க முனைவோர் முதலில் உரசிய தடத்தைக் கண்டறிதல் வேண்டும். தடம் மட்கார்டின் மேல்விளிம்பில் இருந்தால், சக்கரம் அளவுக்கு மீறி மேலெழுகிறது எனக் கொள்ளலாம்; உட்புறத்தில் முன்னோ பின்னோ இருந்தால், ஸ்டியரிங் முழுதும் திரும்பும்போது உரசுகிறது எனக் கொள்ளலாம். அடுத்து, டயரும் ரிம்மும் தயாரிப்பாளர் குறித்த அளவினவா என்று பார்த்தல் வேண்டும். அவை சரியெனில் சஸ்பென்ஷனைச் சீர்செய்யலாம். தளர்ந்த சுருள்வில்லை மாற்றினால் வண்டி தன் பழைய உயரத்தைப் பெறும். தேய்ந்த ரப்பர்த் தடுப்பானை மாற்றினால், சக்கரம் எல்லை மீறி எழாது. ஷாக் அப்சார்பர் அசைவின் வேகத்தைத்தான் அடக்கும். வண்டியின் சுமையைத் தாங்குவது சுருள்வில்லே. ஆகவே, ஒன்றன் குறையை மற்றொன்றால் ஈடுசெய்ய இயலாது.

சக்கரத்தின் மேற்பகுதியை உள்நோக்கிச் சற்றுச் சாய்ப்பதும் ஒரு வழி. இதனைக் 'கேம்பர்' என்பர். இதனால் மேல்விளிம்பில் சிறிது இடம் கிடைக்கும். ஆனால், சாய்வு மிகுந்தால் டயரின் உட்புறம் விரைவில் தேயும். நேர்ச்சாலையில் பிரேக்கின் பிடிப்பும் குறையும். எம்மாற்றத்திற்குப் பின்னும் வீல் அலைன்மென்ட் பார்த்தல் வேண்டும். சுருள்வில்லை வெட்டி வண்டியைத் தாழ்த்துதல் கூடவே கூடாது. சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது வில் தன் இருப்பிடத்தை விட்டு நழுவக்கூடும்.

சட்டமும் இதில் கருத்துடையது. பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும் வகையில் வண்டியை மாற்றியமைத்தல் கூடாது என்கிறது 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதனை உறுதிசெய்தது.

நிற்கும்போது அழகாகத் தோன்றுவது மட்டும் வண்டிக்குச் சிறப்பன்று. திரும்பவும் எழவும் தாழவும் சக்கரத்திற்கு இடம் விட்டிருப்பதே நல்ல அமைப்பு.

சொற்பொருள்

கொண்டை ஊசி வளைவு – கொண்டையில் செருகும் ஊசியைப்போல் வளைந்து திரும்பும் சாலை
சுருள்வில் – ஸ்பிரிங்
விழுக்காடு – நூற்றில் ஒரு பங்கைக் குறிக்கும் அளவு, சதவீதம்
இன்றியமையாதது – இல்லாமல் முடியாதது

பயிற்சி

1. சமதளத்தில் உரசாத டயர் மலையிறக்கத்தில் உரசுவது ஏன்?
2. டயரின் பக்கச் சுவரில் ஏற்பட்ட வெட்டை ஒட்டிச் சரிசெய்ய இயலாதது ஏன்?
3. பிரித்து எழுதுக: உராய்வொலி, மலையிறக்கம், பதிவுச்சான்றிதழ்.
4. உங்கள் வீட்டு வண்டியின் டயரில் உள்ள எண்களைப் பார்த்து எழுதி, அவற்றின் பொருளைத் தமிழில் விளக்குக.