முழங்கையில் இடித்தால் சுண்டுவிரல் கூசுவது ஏன்?

மணி அடித்ததும் வகுப்பிலிருந்து அவசரமாக எழுந்திருக்கிறீர்கள். முழங்கை பெஞ்சின் விளிம்பில் இடித்துவிடுகிறது. உடனே மின்சாரம் தாக்கியது போல் 'விர்' என்று ஓர் உணர்ச்சி முன்கையின் ஓரமாக ஓடிச் சுண்டுவிரல் நுனியில் முடிகிறது. இந்த அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும்.

இடிபட்டதோ முழங்கை. சுண்டுவிரலை யாரும் தொடவில்லை. பிறகு அது ஏன் கூசுகிறது? இதற்கு விடை காண, நரம்புத் திசுவின் அமைப்பையும் அது வேலை செய்யும் விதத்தையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

முழங்கையின் உட்புறத்தில் மேடாக ஓர் எலும்பு இருக்கிறதல்லவா? அதற்குச் சற்றுப் பின்னால் உள்ள பள்ளத்தில் விரலை வைத்து மெதுவாகத் தடவிப் பாருங்கள். கயிறு போன்ற ஒன்று விரலுக்கடியில் நழுவும். அதுவே அல்னார் நரம்பு. மற்ற நரம்புகள் பெரும்பாலும் தசைகளுக்கிடையே மறைந்து செல்கின்றன. இந்நரம்போ இவ்விடத்தில் எலும்பின்மேல், தோலுக்குச் சற்றுக் கீழேயே செல்கிறது. ஆகையால் எளிதில் அடிபடுகிறது.

நீண்ட வால் கொண்ட செல்

நரம்பு என்பது ஒரே இழையன்று. பல நூல்களை முறுக்கிக் கயிறு திரிப்பது போல, ஆயிரக்கணக்கான நுண்ணிய இழைகள் சேர்ந்து ஒரு நரம்பாகின்றன. ஒவ்வோர் இழையும் ஒரு நரம்புச் செல்லின் நீட்சியாகும்.

நரம்புச் செல்லை நியூரான் என்கிறோம். அதில் உட்கருவைத் தாங்கிய செல் உடலம் இருக்கிறது. அதிலிருந்து ஆக்ஸான் என்னும் நீண்ட இழை புறப்படுகிறது. மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நியூரான்கள் பலவற்றில், செய்தியை வாங்கிக்கொள்ளும் டென்ட்ரைட்டுகள் மரக்கிளைகள் போல் பிரிந்து நிற்கும். மனித மூளையில் மட்டும் ஏறத்தாழ 8,600 கோடி நியூரான்கள் உள்ளன.

சுண்டுவிரலின் தொடு உணர்ச்சியை எடுத்துச் செல்லும் நியூரானைப் பார்ப்போம். அதன் செல் உடலம் கழுத்தருகே, தண்டுவடத்தை ஒட்டி இருக்கிறது. அதன் இழையோ தோள், முழங்கை வழியாக விரல் நுனி வரை நீள்கிறது. செல் உடலத்தின் குறுக்களவு சுமார் 1/20 மில்லிமீட்டர். இழையின் நீளம் ஏறக்குறைய முக்கால் மீட்டர்! செல் உடலத்தை ஓர் எலுமிச்சம்பழம் அளவுக்குப் பெரிதாக்கினால், அதன் இழை அரைக் கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும்.

உறை போடும் உதவியாளர்கள்

நரம்புத் திசுவில் நியூரான்களுடன் துணைச் செல்களும் உண்டு. அவற்றுள் ஒன்று ஷ்வான் செல். இது ஆக்ஸானைச் சுற்றிப் பாய் சுருட்டுவது போலப் பல சுற்றுகள் சுற்றிக்கொண்டு, கொழுப்பு நிறைந்த மயலின் உறையை அமைக்கிறது. ஒரு ஷ்வான் செல் சுமார் ஒரு மில்லிமீட்டர் நீளத்தையே மூடும். எனவே நாம் பார்த்த இழைக்கு நூற்றுக்கணக்கான ஷ்வான் செல்கள் தேவை. இரண்டு உறைகளுக்கிடையே உள்ள சிறு இடைவெளிக்கு ரான்வியர் கணு என்று பெயர்.

செய்தி ஓடும் விதம்

ஓய்வாக இருக்கும்போது ஆக்ஸானின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் எதிர் மின்னழுத்தத்தில் இருக்கும். இது டார்ச் விளக்கு பேட்டரியின் 1.5 வோல்ட்டில் சுமார் இருபதில் ஒரு பங்குதான். தூண்டல் ஏற்பட்டதும் அவ்விடத்தில் நுண்ணிய வாயில்கள் திறக்கின்றன. வெளியிலுள்ள சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. இம்மாற்றம் பக்கத்து வாயில்களைத் திறக்க, அது அதற்கடுத்ததைத் திறக்கிறது. பட்டாசுத் திரியில் நெருப்பு ஊர்வது போல் தூண்டல் முன்னேறுகிறது. ஆனால் எரிந்த திரி மீண்டும் எரியாது. நரம்போ நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரத்திற்குள் அடுத்த செய்திக்குத் தயாராகிவிடும்.

மயலின் உறை உள்ள இழையில் தூண்டல் ஒரு கணுவிலிருந்து அடுத்த கணுவுக்குத் தாவிச் செல்கிறது. அதனால் அல்னார் நரம்பில் அது நொடிக்கு 50 முதல் 60 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. உறையற்ற மெல்லிய இழைகளில் வேகம் நொடிக்குச் சுமார் ஒரு மீட்டர்தான். காலில் முள் தைத்ததும் முதலில் 'சுருக்'கென்றும், சற்றுப் பின்னர் 'விண் விண்' என்றும் வலிப்பது இதனால்தான். முதற்செய்தி உறையுள்ள இழைகளிலும், இரண்டாவது உறையற்ற இழைகளிலும் வருகிறது.

விடை இதோ

எல்லா நரம்பிழைகளிலும் ஓடும் தூண்டல் ஒரே மாதிரியானதே. கண்ணிலிருந்து வந்தாலும் விரலிலிருந்து வந்தாலும் அதில் வேறுபாடில்லை. எந்த இழை வழியே வந்தது என்பதைக் கொண்டே மூளை அதற்குப் பொருள் கொள்கிறது. முழங்கையில் இடித்தபோது, சுண்டுவிரலுக்குச் செல்லும் இழைகளில் நடுவழியிலேயே தூண்டல் பிறந்துவிடுகிறது. சுண்டுவிரலுக்கு உரிய இழையில் செய்தி வந்ததால், சுண்டுவிரலில்தான் ஏதோ நடந்தது என்று மூளை முடிவு செய்கிறது!

செய்தியே வராவிட்டால்?

இழை அழிந்துபோனால் என்ன ஆகும்? விரல் இருக்கும், ஆனால் அதிலிருந்து மூளைக்கு ஒரு செய்தியும் போகாது. தொழுநோயில் நேர்வது இதுவே. 1873-இல் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் இந்நோயின் கிருமியைக் கண்டறிந்தார். அக்கிருமி ஷ்வான் செல்களுக்குள் குடிபுகுகிறது. உடலின் குளிர்ச்சியான பகுதிகளில் அது நன்கு வளரும். எனவே தோலை ஒட்டிச் செல்லும் நரம்புகள் அதிகம் பாதிக்கப்படுகின்றன. நம் அல்னார் நரம்பும் அவற்றுள் ஒன்று. முழங்கையில் அது தடித்திருக்கிறதா என்று மருத்துவர்கள் தொட்டுப் பார்ப்பது இதற்காகவே.

தொழுநோயாளிகளின் விரல்கள் அந்நோயினாலேயே அழுகி விழுகின்றன என்று நெடுங்காலம் மக்கள் நம்பினர். 1940-களின் பிற்பகுதியில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றத் தொடங்கிய அறுவை மருத்துவர் பால் பிராண்ட், நோயாளிகளின் அன்றாட வேலைகளைக் கூர்ந்து கவனித்தார். சூடான பாத்திரத்தைப் பிடிக்கிறார்கள், சுடுவது தெரிவதில்லை. புண்பட்ட கையாலேயே மண்வெட்டி பிடிக்கிறார்கள், வலிப்பதில்லை. நாளுக்கு நாள் காயம் பெருகி, விரல்கள் குறைகின்றன. வலியை இழந்ததே இத்தனைக்கும் காரணம் என்று அவர் எடுத்துக் காட்டினார். நாம் சபித்துக்கொள்ளும் வலி, உண்மையில் உடலின் காவல்காரன்.

தொழுநோயை இன்று முற்றிலும் குணப்படுத்தலாம். 1981-இல் உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்து முறையில், நோயின் வகைக்கேற்ப 6 அல்லது 12 மாதம் மருந்து உட்கொண்டால் போதும். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இம்மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் மருந்து கிருமியைக் கொல்லுமே தவிர, அழிந்த நரம்பிழைகளை மீட்டுத் தராது. ஆகவே காலம் தாழ்த்தக் கூடாது. தோலில் வெளிறிய அல்லது சிவந்த தேமல் தோன்றி, அவ்விடத்தில் தொடு உணர்ச்சி குறைந்திருந்தால், வெட்கப்பட்டு மறைக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இதை உங்கள் வீட்டிலும் தெருவிலும் சொல்லுங்கள்.

அடுத்த முறை முழங்கையில் இடித்துக்கொண்டு 'ஐயோ' என்று கையை உதறும்போது, ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள்: உங்கள் அல்னார் நரம்பு நலமாக இருக்கிறது!