பெயரும் ஒரு சொத்து
சிறுதொழில் தொடங்குவோர்க்கு ஒரு பாடம்

போடிநாயக்கனூரில் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையம் இயங்கி வருகிறது. ஏலமலைத் தோட்டங்களிலிருந்து இறங்கி வரும் ஏலக்காய் அங்கே மூட்டை மூட்டையாக விலை போகிறது. வாங்குபவர் மாதிரியைக் கையிலெடுத்துப் பார்க்கிறார். பச்சை நிறம், காயின் பருமன், லிட்டர் எடை ஆகியவற்றைக் கண்டு விலை கூறுகிறார். அங்கே விளைவித்தவரின் பெயருக்கு வேலை குறைவு. பொருளே தன்னைப் பற்றிப் பேசிவிடுகிறது.

அதே ஏலக்காயை 50 கிராம் பொட்டலமாக்கிக் காஞ்சிபுரத்திலோ வந்தவாசியிலோ உள்ள ஒரு குடும்பத்திற்கு விற்கும்போது நிலைமை மாறிவிடுகிறது. உறை ஒட்டப்பட்டிருக்கிறது, வாங்கும் அம்மையார் காயை முகர்ந்து பார்க்க இயலாது. சென்ற முறை வாங்கியது நன்றாக இருந்தது என்ற நினைவு ஒன்றே அவருக்குத் துணை. அந்த நினைவைத் தாங்கி நிற்பது உறையின் மேலுள்ள பெயரும் படமுமே. அவற்றைப் பிறர் எடுத்துக்கொண்டால், பல்லாண்டு நேர்மையாக உழைத்து ஈட்டிய நம்பிக்கை கைமாறிப் போகும்.

குரங்கணிச் சரிவுகளில் விளையும் ஏலக்காய், மிளகு, காப்பி ஆகியவற்றைப் பொட்டலமிட்டு விற்க நம் இல்லத்து இளைஞர் ஒருவர் முன்வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கற்க வேண்டியவற்றைப் படிப்படியாகக் காண்போம்.

1. எந்தப் பெயர் நமக்கு உரியதாகும்?

புதிதாகத் தொடங்குவோர்க்கு முதலில் தோன்றும் பெயர் “குரங்கணி ஏலக்காய்” என்பதாகவே இருக்கும். கேட்பதற்கு இனிய பெயர்தான். ஆயினும் அதில் “ஏலக்காய்” என்பது பொருளின் பெயர்; “குரங்கணி” என்பது ஊரின் பெயர். அவ்வூரில் விளைவித்து விற்கும் ஒவ்வொருவருக்கும் அவ்விரு சொற்களையும் சொல்லும் உரிமை உண்டு. ஆகவே பொருளின் வகை, தரம், விளைந்த இடம் ஆகியவற்றை மட்டுமே கூறும் சொற்களை ஒருவருக்கே உரிமையாக்க 1999ஆம் ஆண்டு வர்த்தக முத்திரைச் சட்டம் பொதுவாக இடந்தருவதில்லை. நெடுங்காலம் வழங்கி, அச்சொல் அவருடைய சரக்கையே குறிக்கும் நிலையை அடைந்துவிட்டது என்று மெய்ப்பித்தால் மட்டுமே விதிவிலக்கு உண்டு.

இதற்குப் பழைய வழக்கு ஒன்று உள்ளது. “சிம்லா” என்ற பெயரைப் பனிமலைப் படத்துடன் சிகரெட்டுக்குப் பதிவு செய்ய இம்பீரியல் டொபாக்கோ நிறுவனம் முயன்றது. புகழ்பெற்ற மலைநகரின் பெயரை அவ்வாறு தனியுரிமையாக்க இயலாது என்று 1977இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெரிய நிறுவனத்திற்கே கிட்டாத ஊர்ப்பெயர் சிறுவணிகர்க்கு எளிதில் கிட்டுமா?

புகழ்ச்சொற்களுக்கும் இதே நிலைதான். நூடுல்ஸ் சுவையூட்டியில் “மேஜிக் மசாலா” என்ற சொற்களை ஐ.டி.சி. நிறுவனமும், “மேஜிக்கல் மசாலா” என்ற சொற்களை நெஸ்லே நிறுவனமும் வழங்கியதால் எழுந்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் 2020இல் தீர்ப்புக் கூறியது. “மேஜிக்” என்பது பொருளைப் புகழும் சொல். “மசாலா” என்பது பொதுச்சொல். இவற்றுக்கு ஒருவரே உரிமை கொண்டாட இயலாது என்பது அத்தீர்ப்பின் சாரம். “தூய”, “அசல்”, “முதல்தரம்” போன்ற சொற்களையும் இவ்வாறே கருதுக.

அப்படியானால் எந்தப் பெயர் நிலைக்கும்? பொருளோடு தொடர்பில்லாத பெயரே வலிமை மிக்கது. ஏலக்காய்க்கு “நீலமயில்” என்று ஒருவர் பெயரிட்டால், ஏலக்காயை விவரிப்பதற்காக அச்சொல்லை வேறெவரும் நாட வேண்டிய தேவை இல்லை. எனவே அது அவருக்கே அடையாளமாகும். “குரங்கணி மலைச்சரிவில் விளைந்தது” என்ற உண்மையைப் பெயரின் கீழே சிறிய எழுத்தில் அச்சிடலாம், அதற்குத் தடையில்லை.

ஊர்ப்பெயரின் புகழைக் காப்பதற்கு வேறொரு வழி உண்டு. அதுவே புவிசார் குறியீடு. 2023இல் கம்பம் பன்னீர் திராட்சை அதனைப் பெற்றது. ஆயின் அது ஒரு தனியாருக்குரிய சொத்தன்று. அப்பகுதியில் விளைவிப்போர் அனைவர்க்கும் பொதுவானது. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.

2. கண்ணுக்கும் காதுக்கும் ஒரு சோதனை

நாம் தேர்ந்த பெயர் பிறருடைய பெயரை ஒத்திருக்கக்கூடாது. எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால்தான் குற்றம் என்று பலர் எண்ணுகின்றனர். அது பிழை. சென்னையில் தோன்றி உச்ச நீதிமன்றம் வரை சென்ற மூக்குப்பொடி வழக்கொன்று இதனைத் தெளிவாக்கும். “ஸ்ரீ அம்பாள்” என்ற பெயர் முன்பே பதிவாகியிருந்தது. மற்றொருவர் “ஸ்ரீ ஆண்டாள்” என்ற பெயரைப் பதிவு செய்ய விண்ணப்பித்தார். அம்பாள் வேறு, ஆண்டாள் வேறு என்பது தமிழறிந்த சிறு பிள்ளைக்கும் தெரியும். ஆயினும் 1969இல் உச்ச நீதிமன்றம் அப்பதிவை ஏற்கவில்லை. வாங்குவோர் எல்லாரும் அவ்வேறுபாட்டை உணர்ந்தவராக இருப்பர் என்று கொள்ள இயலாது. இரு பெயர்களின் ஒலியும் மிக நெருங்கியிருக்கின்றன. ஒப்புமையைக் கண்ணால் மட்டுமன்றிக் காதாலும் நோக்க வேண்டும் என்பது அதன் கருத்து.

மேற்கூறியவற்றுள் இரண்டு புகையிலை பற்றிய வழக்குகள். பொருளை விட்டுப் பாடத்தை மட்டும் கொள்க.

பிறர் பெயரை ஒட்டிப் பெயர் வைத்தல் சட்டத்திற்கு மட்டும் விரோதமன்று. போலியை மெய்ப்பொருள்போல் காட்டி விற்றல் கள்ளாமை விரதத்தின் அதிசாரங்களுள் ஒன்று என்று நாம் படித்திருக்கிறோம். நம் பெயரைக் காக்க விரும்புவோர் முதலில் பிறர் பெயரைக் காக்கக் கடமைப்பட்டவர்.

3. பதிவு செய்யும் முறை

முதற்படி தேடுதல். வர்த்தக முத்திரைப் பதிவகத்தின் இணையதளத்தில் முன்பே பதிவான பெயர்களைக் கட்டணமின்றித் தேடலாம். உறைகளை அச்சிடுவதற்கு முன்னரே இதனைச் செய்க.

இரண்டாவது வகுப்பு. பண்டங்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. ஏலக்காய், மிளகு, காப்பி, தேயிலை, தேன் யாவும் 30ஆம் வகுப்பில் அடங்கும்.

மூன்றாவது விண்ணப்பம். 2017ஆம் ஆண்டு விதிகளின்படி, தனிநபரும் சிறுதொழில் நிறுவனமும் இணையவழியில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய் கட்டணம். நேரில் அளித்தால் 5,000 ரூபாய். பெரிய நிறுவனங்களுக்கு இது இருமடங்கு. தமிழ்நாட்டினர்க்கு மட்டுமன்றி, மலைக்கு அப்பால் இடுக்கியில் தொழில் நடத்துவோர்க்கும் சென்னை அலுவலகமே உரியது.

நான்காவது ஆய்வு. அதிகாரி ஆட்சேபம் தெரிவித்தால் ஒரு மாதத்திற்குள் விடையளிக்க வேண்டும். பலருடைய விண்ணப்பம் இவ்விடத்தில் கவனக்குறைவால் கைநழுவுகிறது. ஏற்கப்பட்ட பெயர் முத்திரை இதழில் வெளியாகும். அதன்பின் நான்கு மாதங்களுக்குள் எவரும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். எதிர்ப்பில்லையேல் பதிவு கிட்டும். அது விண்ணப்ப நாளிலிருந்து 10 ஆண்டுகள் செல்லும். பின்னர்ப் பத்துப் பத்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொள்ளலாம்.

விண்ணப்பித்தவுடன் பெயரருகே “டி.எம்.” என்னும் ஆங்கில எழுத்துகளை இடலாம். வட்டத்திற்குள் “ஆர்” என்ற குறியைப் பதிவு கிட்டிய பின்னரே இடவேண்டும். முன்னரே இடுவது சட்டவிரோதம்.

4. மறக்கலாகாதவை

ஜி.எஸ்.டி. எண், உணவுப் பாதுகாப்பு உரிமம், கம்பெனிப் பதிவு ஆகியவை தொழில் நடத்துவதற்கானவை. அவற்றைப் பெற்றதனாலேயே பெயர்மீது முத்திரை உரிமை வந்துவிடாது.

பதிவில்லாதவர்க்கும் சட்டத்தில் ஓரளவு பாதுகாப்பு உண்டு. பிறர் தம் சரக்கை நம்முடையதுபோல் காட்டி விற்றால் வழக்குத் தொடரலாம். ஆனால் நம் பெயர் மக்களிடையே புகழ் பெற்றதென்று நாமே சான்றுகளால் மெய்ப்பிக்க வேண்டும். ஆதலின் முதல் ரசீது, முதல் உறை, முதல் விளம்பரம் ஆகியவற்றைத் தேதியுடன் பாதுகாத்து வைக்க.

இலச்சினையை ஓவியரிடம் வரைவித்தால், அதன் பதிப்புரிமையை நமக்கு மாற்றித் தருவதாக அவரிடம் எழுத்து வடிவில் ஒப்பந்தம் பெறுக. பணம் கொடுத்தோம் என்பது மட்டும் போதாது.

குடும்பத் தொழிலில் பெயர் யாருக்குரியது என்பதைத் தொடக்கத்திலேயே எழுதி வைத்தல் நன்று. நிலத்தையும் வீட்டையும் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் அளந்து எழுதுகிறோம். கடையின் பெயரை எழுதாமல் விட்டுவிடுகிறோம். பின்னர் உடன்பிறந்தோர் ஒரே பெயரில் இரு கடைகள் வைத்து நீதிமன்றத்தில் எதிரெதிரே நிற்க நேரிடும்.

பதிவு செய்துவிட்டு ஐந்தாண்டுக்கு மேல் பயன்படுத்தாமலிருந்தால், பிறர் கேட்டு அப்பதிவை நீக்கிவிடலாம். பெயரும் நிலத்தைப் போன்றதே; உழுதுகொண்டிருக்க வேண்டும்.

வீட்டுப் பயிற்சி

பெரியோர் பிள்ளைகளை உடன் வைத்துக்கொண்டு இதனைச் செய்து பார்க்கலாம். சமையலறையிலுள்ள பொட்டலங்களில் ஐந்தினை எடுத்து வைக்க. ஒவ்வொன்றிலும் எது பொருளின் பெயர், எது ஊர்ப்பெயர், எது புகழ்ச்சொல், எது விற்பவருக்கே உரிய பெயர் என்று பிரித்து எழுதுக. பின்னர் அவ்வுரிய பெயரை ஒருவர் தொலைபேசியில் கூறுவதுபோல் உரக்கச் சொல்ல, மற்றவர் காதால் கேட்டு எழுதட்டும். பிழையின்றி எழுதப்பெறும் பெயர் எது, வேறொன்றாக மயங்கும் பெயர் எது என்று காண்க. இச்சோதனையில் தேறும் பெயரையே புதிய தொழிலுக்குத் தேர்ந்தெடுத்து, முதல் உறை அச்சேறும் முன்னரே விண்ணப்பித்துவிடுக.