இடிதாங்கி

தில்லியில் குதுப்மினாரைக் கண்டவர்கள், அதன் மேலிரு நிலைகளில் வெண்பளிங்கு மிகுந்திருப்பதைக் கவனித்திருப்பர். 14ஆம் நூற்றாண்டில் மின்னல் தாக்கி உச்சி சிதைந்தபோது, பிரோஸ் ஷா துக்ளக் எழுப்பிய பகுதி அது. அக்காலத்தில் உயர்ந்த கட்டடங்களுக்குக் காப்பு இல்லை.

‘இடி விழுந்தது’ என்கிறோம். உண்மையில் விழுவது மின்னல். இடி அதன் ஓசையே. ஆயினும் காக்கும் கருவிக்கு இடிதாங்கி என்னும் பெயரே நிலைத்துவிட்டது. 18ஆம் நூற்றாண்டில் அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் இதனை உருவாக்கினார். கட்டடத்தின் உச்சியில் உலோகக் கம்பி ஒன்று நிற்கும். அதிலிருந்து தடித்த செப்புப் பட்டை சுவர் வழியே இறங்கி, ஈர மண்ணில் புதைத்த தகட்டைச் சேரும். கல்லைவிட உலோகம் மின்சாரத்தை எளிதில் கடத்துவதால், மின்னல் அவ்வழியே நிலத்தை அடைகிறது. பட்டை இடையில் அறுந்திருந்தால் இடிதாங்கி இருந்தும் பயனில்லை.

வீட்டிலும் இத்தகைய புவித்தொடுப்பு உண்டு. பேச்சு வழக்கில் ‘எர்த்’ என்பர். மும்முனைச் செருகியின் பருத்த முனையைப் பாருங்கள். மற்ற இரண்டையும் முந்தித் துளையைத் தொடுமாறு அது நீளமாக அமைந்துள்ளது. குளிர்பதனப் பெட்டியின் உலோக உடலில் மின்சாரம் பாய்ந்தால், பச்சைக் கம்பி அதனை மண்ணுக்குக் கொண்டு செல்லும். உருகிழை அறுந்து மின்னோட்டம் நிற்கும். துளையில் பொருந்தவில்லை என்று அம்முனையை ஒடித்துவிடுவோரும் உளர். அவ்வீட்டில் பெட்டியைத் தொடுபவரின் உடலே கம்பியாகிவிடும்.

வினா: மும்முனைச் செருகியின் ஒரு முனை நீண்டிருப்பது ஏன்?