முப்பத்திரண்டு போர்

அரிமளம் பக்கம் ‘போர்’ என்ற சொல்லுக்கு வேலை அதிகம். களத்தில் கிடப்பது வைக்கோல் போர். தண்ணீருக்காகக் கொல்லையில் இறக்கி, பாதி இடத்தில் புகைந்துபோனதும் போர்தான். அதனால் டீக்கடையில் ஒருவர், “அந்தச் செட்டியார் முப்பத்திரண்டு போர் வச்சிருந்தாரு” என்றதும், பக்கத்தில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்த பையன் திரும்பிப் பார்த்தான். “முப்பத்திரண்டுமா? ஒண்ணுலயாச்சும் தண்ணி வந்துச்சா?”

செட்டியார் வைத்திருந்தது ‘32 போர்’ ரிவால்வர் ஒன்று. லைசென்ஸ் உள்ளது. அன்று அதைப் பற்றி அந்த பெஞ்சில் உதிர்ந்த சங்கதிகளில் பாதிக்கு மேல் தப்பு. ஊர் முழுக்கப் புழங்குகிற தப்பு என்பதால் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

“நம்பர் பெருசானா குண்டும் பெருசு” என்றார் ஒருவர். பேங்க் வாசலில் காவலாளி பிடித்திருக்கும் ரெட்டைக்குழல் பெரும்பாலும் 12 போர். எண் சின்னது, குழல் வாயோ 18 மில்லிமீட்டருக்கு மேல். அது தராசுக் கணக்கு. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு உருண்டையாக உருட்டினால் ஓர் உருண்டை நுழைகிற குழல் 12 போர். இருபதாக உருட்டினால் 20 போர். உருண்டை சிறுக்கும், குழலும் சிறுக்கும். ரிவால்வரின் 32 வேறு கணக்கு. அங்குலத்தில் நூறில் முப்பத்திரண்டு பங்கு என்று அர்த்தம். அதுவும் பேருக்குத்தான். அளந்தால் குண்டின் விட்டம் 0.312 அங்குலம், எட்டு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ‘38 ஸ்பெஷல்’ என்று பேர் வாங்கிய குண்டை அளந்தால் 0.357தான் வரும்.

இன்னொன்றைச் சொன்னபோது பெஞ்சில் யாரும் நம்பவில்லை. போலீஸ்காரர்கள் தோளில் சுமந்த பழைய 303 ரைஃபிளின் குண்டும் ஏறக்குறைய 32 குண்டின் அதே பருமன், 0.311 அங்குலம். பக்கத்தில் வைத்தால் பருமனில் வித்தியாசம் தெரியாது. ஆனால் 303-இன் நீண்ட பித்தளைக் கூட்டுக்குள் மருந்து பல மடங்கு. குண்டு போகும் வேகம் மூன்று மடங்கு.

அந்த 32 தோட்டாவை நான் ஒரே ஒருமுறை கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். அப்படி ஒருமுறை செட்டியாருக்குத் துணையாகப் போனேன். மஞ்சள் பையிலிருந்து துண்டில் சுற்றிய ரிவால்வரை எடுத்து வைத்தார். பிறகு தோட்டாக்களை மேஜைமேல் ஒவ்வொன்றாக நிறுத்தி எண்ணினார். சாமி அலமாரியில் விளக்கு வைப்பது போல அவ்வளவு பதவிசு. சுண்டுவிரலின் மேல் இரண்டு கணு அளவுதான் இருக்கும். பித்தளை கொஞ்சம் கறுத்திருந்தது. நீளம் ஏறத்தாழ 32 மில்லிமீட்டர் என்பது தற்செயல். அடியில் ‘கே.எஃப்’ என்று பொறித்திருந்தது. புனே பக்கத்துக் கட்கி தோட்டாத் தொழிற்சாலையின் முத்திரை அது. எழுத்தர் எண்ணி, லைசென்ஸ் புத்தகத்தோடு ஒப்பிட்டு, ரசீது எழுதிக் கொடுத்தார்.

அந்த முத்திரை இன்னொரு கதையையும் முடித்துவைத்தது. “அவுக அப்பச்சி பர்மாவுலேருந்து கொண்டாந்தது” என்பது ஊர்ப்பேச்சு. செட்டிநாட்டு வீட்டில் தூண் பர்மாத் தேக்கு என்றால் மற்றதெல்லாம் கப்பலில்தான் வந்திருக்க வேண்டும் என்று ஒரு எண்ணம். ரிவால்வர் கான்பூரில் செய்தது. அங்குள்ள அரசு சிறு ஆயுதத் தொழிற்சாலை பழைய வெப்ளி அச்சில் வார்த்த ஆறு தோட்டா ரிவால்வர். செட்டியாரே பணம் கட்டி வாங்கியது.

சரி, ஏன் 32? “மத்ததெல்லாம் பவர் ஜாஸ்தி, அதான் கவர்மெண்டு குடுக்கல” என்று பெஞ்சில் ஒருமித்த தீர்ப்பு. இந்தத் தப்புதான் எனக்குச் சுவாரசியமானது. ஆயுதச் சட்டம் 1959-இல் வந்தது; அதன்கீழ் வந்த விதிகளின் அட்டவணையில் தனியார் சாதாரண லைசென்ஸில் வைக்கக் கூடாத கைத்துப்பாக்கிகள் எவை என்று இருக்கிறது. விளிம்புள்ள 380, 455 தோட்டாக்களைப் போடக்கூடியவை. படைகளின் 9 மி.மீ., விளிம்பில்லாத 45 தோட்டாக்களைப் போடக்கூடியவை. பட்டியலைக் கூர்ந்து பார்த்தால் சூட்சுமம் புரியும். இவை எல்லாம் ராணுவமும் போலீசும் புழங்கிய அளவுகள். சர்க்கார் கிடங்கிலிருந்து களவுபோகிற தோட்டா வெளியே யார் துப்பாக்கியிலும் நுழையக் கூடாது என்பதுதான் கணக்கு. வீரியம் அங்கே அளவுகோலே இல்லை. 9 மி.மீட்டரைவிட முரட்டுத்தனமான 357 மேக்னம் அந்தப் பட்டியலில் கிடையாது! 9 மி.மீ. வேண்டுமென்றால் மத்திய உள்துறை வரை போக வேண்டும்; 32-க்குக் கலெக்டர் ஆபீஸ் போதும்.

எண்பதுகளில் தனியாருக்கான இறக்குமதியும் நின்றது. பிறகு புதிதாக வாங்குகிறவருக்கு, அரசுத் தொழிற்சாலை 32-இல் எதைச் செய்கிறதோ அதுதான் பெரும்பாலும் கைத்துப்பாக்கி என்றாயிற்று. 2014-இல் பெண்களுக்கென்று சொல்லி அரை கிலோ எடையில் ‘நிர்பீக்’ வந்தது. அப்போது விலை லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேல். அதுவும் 32தான்.

வெளியே கதை வேறு. நூறாண்டுக்கு முன் 32 உலகம் முழுக்க ராஜா. 1896-இல் நியூயார்க் போலீஸ் தலைமையில் இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் தம் ஆட்களுக்கு 32 அளவு கோல்ட் ரிவால்வரைத்தான் கொடுத்தார். பிரவுனிங் வடிவமைத்த 7.65 மி.மீ. பிஸ்டல் ஐரோப்பியப் போலீஸ்காரர்களின் இடுப்பில் தொங்கியது. அதுவும் பெயரளவில் 32தான், தோட்டா மட்டும் வேறு. நம் ஊர் பிரவுனிங் பெயரைக் கேட்டது 1911 ஜூன் 17 அன்று, மணியாச்சி ரயில் நிலையத்தில், வாஞ்சிநாதன் கையில். 1972 மியூனிக் ஒலிம்பிக் படுகொலைக்குப் பிறகு ஜெர்மன் போலீஸ் 7.65-ஐக் கைவிட்டு 9 மி.மீட்டருக்குப் போனது. மற்ற நாடுகளிலும் அதே போக்கு. அமெரிக்காவில் இதே நாடகம் இன்னொரு எண்ணுக்கும் நடந்தது. 1986-இல் மயாமியில் இரண்டு எஃப்.பி.ஐ. ஆட்கள் சுட்டுக் கொல்லப்பட்டதும், பெரிய குண்டு வேண்டும் என்று தேடினார்கள். அந்தத் தேடலின் வழியில் 1990-இல் ‘40’ பிறந்தது. ஊரெல்லாம் அதை வாங்கியது. கால் நூற்றாண்டு கழித்து எஃப்.பி.ஐ. திரும்பவும் 9 மி.மீட்டருக்கே வந்துவிட்டது.

உலகம் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை மறந்த பிறகும் நாம் அதே அச்சில் 2014 வரை அம்பாசடர் செய்தோமே, அப்படித்தான் இங்கே 32. யாருக்கும் பிடித்து நிலைத்ததல்ல. வெகுகாலம் கடையில் வேறு இருக்கவில்லை.

“முப்பத்திரண்டு சும்மா பொம்மை, சுட்டா சட்டைகூடக் கிழியாது” என்றும் ஒருவர் சொன்னார். 9 மி.மீ. குண்டின் ஆற்றலில் இதற்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, உண்மைதான். ஆனால் அடி குறைவாக இருப்பதால் கை துள்ளாது. அதனாலேயே சென்டர் ஃபயர் பிஸ்டல் போட்டியில் குறி பார்க்கிறவர்கள் இதே 32 தோட்டாவின் தட்டைமுனை வகையை விரும்பி எடுக்கிறார்கள். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் ஜஸ்பால் ராணா உலக சாதனையைச் சமன் செய்து தங்கம் வென்றாரே, அது இந்தப் பிரிவில்தான். பொம்மை என்று நினைத்து யாரும் விளையாட வேண்டாம். கைத்துப்பாக்கிக் குண்டு ஒன்று ஆளை என்ன செய்யும் என்பதைத் தமிழ்நாடு 1967 ஜனவரி 12-இலேயே பார்த்துவிட்டது. எம்.ஆர்.ராதா சுட்ட குண்டு எம்.ஜி.ஆர். கழுத்தில் பாய்ந்தது. உயிர் பிழைத்தார், ஆஸ்பத்திரியில் படுத்தபடியே தேர்தலில் ஜெயித்தார், குரல் மட்டும் பழையபடி திரும்பவில்லை. தன்னையும் சுட்டுக்கொண்ட ராதாவும் பிழைத்தார். சினிமாவில் வருவது போல ஒரே குண்டில் சாய்வதும் நிச்சயமில்லை, தப்புவதும் நிச்சயமில்லை.

தூரத்தைப் பற்றிய பேச்சை நான் நீட்ட விரும்பவில்லை. குறி தப்பாமல் சுடக்கூடிய தூரம் இருபது மீட்டர் என்றால் குண்டு அங்கேயே விழுந்துவிடும் என்று நினைக்கிறோம். 32 குண்டே காற்றில் ஒரு கிலோமீட்டர் அளவுக்குப் போகும். ரைஃபிள் குண்டு இன்னும் பல மடங்கு. 2021 டிசம்பர் 30 அன்று நம் மாவட்டத்திலேயே, நார்த்தாமலையில், துப்பாக்கிப் பயிற்சித் தளத்திலிருந்து வந்த குண்டு வீட்டில் இருந்த ஒரு சிறுவனின் தலையில் பாய்ந்தது. நான்கு நாள் கழித்து அவன் இறந்தான்.

கடைசியாக ஒன்று. “அப்பா துப்பாக்கி மகனுக்கு, நிலம் மாதிரி.” இல்லை. லைசென்ஸ் ஆளுக்கு உரியது, வீட்டுக்கு அல்ல. லைசென்ஸ்தாரர் இறந்தாலோ, எழுபது வயதானாலோ, இருபத்தைந்து வருஷம் வைத்திருந்தாலோ வாரிசுக்கு மாற்றித் தர 2016 விதிகளில் வழி இருக்கிறது. ஆனால் வாரிசு தன் பேரில் மனுப் போட்டு, போலீஸ் விசாரணை முடிந்து, தனக்கென்று லைசென்ஸ் வாங்க வேண்டும். 2019 திருத்தத்தில் லைசென்ஸ் காலம் மூன்றிலிருந்து ஐந்து வருஷமானது, ஒருவர் வைத்திருக்கக்கூடிய எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது. தமிழ்நாட்டில் இந்த ஆசை எப்போதுமே கம்மி: 2016 முடிவில் உள்துறைக் கணக்குப்படி இங்கே லைசென்ஸ் 22 ஆயிரத்துச் சொச்சம், உத்தரப் பிரதேசத்தில் 12 லட்சத்துக்கு மேல்.

செட்டியாரின் மகன் சிங்கப்பூரில். “அப்பச்சி, அதை வச்சு நான் என்ன செய்ய?” என்று போனிலேயே முடித்துவிட்டான். ரிவால்வரை முறைப்படி டீலரிடம் ஒப்படைத்துவிட்டு வந்த அன்று செட்டியாரைத் திண்ணையில் பார்த்தேன். வருத்தமா ஐயா என்றேன்.

“வருத்தம் என்னப்பா? எலக்‌ஷன் வந்தா இனிமே ஓட்டு மட்டும் போட்டாப் போதும்.”