கலங்கிப் போன போட்டோவா? முதல்ல பல்பைப் பாரு

சித்திரைத் திருவிழா முடிஞ்சதும் நம்ம ஊர்ல யாரு போனை வாங்கிப் பாத்தாலும் ஒரே கதைதான். தல்லாகுளம் எதிர்சேவை இருக்கும், விடியக்காலையில அழகர் ஆத்துல இறங்குறது இருக்கும். ஆனா தங்கக்குதிரை எது, தீவட்டி எதுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. (மீனாட்சியம்மன் கோயிலுக்குள்ள 2018லருந்து போனுக்கே அனுமதி இல்லாததால அங்க மட்டும் இந்தத் தொல்லை இல்ல.) உடனே, "அக்கா, ஷார்ப் பண்ற ஆப் எதுக்கா நல்லது?"ன்னு வந்துருவீங்க. ஆப்பு பேரு அப்புறம். போட்டோ எதனால கலங்குச்சுன்னு கண்டுபிடிக்கிறதுதான் முதல் வேலை.

அதுக்குத் தெருவுல கட்டின சீரியல் பல்பே போதும். போட்டோவைப் பெருசாக்கி ஒரு பல்பை உத்துப் பாரு. புள்ளியா இருக்க வேண்டியது வட்டமா ஊதியிருந்தா ஃபோகஸ் தப்பு. கோடா, கொக்கியா இழுத்திருந்தா உன் கை ஆடியிருக்கு. அப்ப எல்லா பல்பும் ஒரே வளைவுலதான் இழுத்திருக்கும். பல்பு புள்ளியாவே நின்னு, வாகனம் மட்டும் தேஞ்சிருந்தா அது அசைஞ்ச வேகம். பல்பைச் சுத்திப் புகை படர்ந்திருந்தா லென்ஸ்ல விபூதிக் கை பட்டிருக்கு, இல்லாட்டி துருத்தியில பீய்ச்சின தண்ணி தெறிச்சிருக்கு.

இது என் கண்டுபிடிப்பு இல்ல. 1990ல விண்வெளிக்குப் போன ஹப்புள் தொலைநோக்கியோட கண்ணாடி, ஓரத்துல தலைமுடி கனத்துல ஐம்பதுல ஒரு பங்கு அதிகமாத் தேய்க்கப்பட்டிருந்துச்சு. படமெல்லாம் மங்கல். 1993 டிசம்பர்ல ஆள் போய்ச் சரிபண்ற வரைக்கும் கம்ப்யூட்டர் கணக்கை வச்சுத்தான் நிறையப் படத்தைத் தெளிவாக்கினாங்க. நட்சத்திரம் புள்ளியாத்தான் தெரியணும். அது எப்படிப் பரவியிருக்குன்னு பாத்தா மங்கலோட அச்சு கிடைச்சிரும், அதைத் திருப்பிக் கழிக்கலாம். கை ஆடின படத்தைச் சரிபண்ற மென்பொருளும் இதே கணக்கைத்தான் போடுது. அச்சு தெரியாத மங்கலுக்கு அது குத்துமதிப்பாத்தான் வேலை பார்க்கும்.

அதனால லேசா ஃபோகஸ் தப்பினது, லேசா கை ஆடினது, இது ரெண்டும் தேறும். அலங்காநல்லூர் வாடிவாசல்ல பாஞ்சு வர்ற காளை கறுப்புக் கோடாப் பதிஞ்சிருந்தா விட்டுரு, அது தேறாது. லென்ஸ் அழுக்குல புகை படிஞ்ச படத்துக்கு ஷார்ப்பனிங்கைத் தொடாதே, கான்ட்ராஸ்ட்டையும் டீஹேஸையும் கொஞ்சம் கூட்டிப் பாரு.

போன்ல பண்றதுன்னா காசில்லாம ஸ்னாப்சீடு போதும். அதுல டீடெயில்ஸ் கருவிக்குள்ள ஸ்ட்ரக்சர், ஷார்ப்பனிங்னு ரெண்டு இருக்கு. எல்லாரும் ஸ்ட்ரக்சரை நூறுக்குத் தள்ளிட்டு, அம்மா முகத்துல இல்லாத சுருக்கத்தையெல்லாம் வரவச்சிருறாங்க. முகம் இருந்தா ஸ்ட்ரக்சர் பக்கமே போகாதே. கம்ப்யூட்டர்ல ஜிம்ப் இலவசம். அதுல அன்ஷார்ப் மாஸ்க் இருக்கும். ஃபிலிம் காலத்து டார்க் ரூம் வேலை அது: நெகட்டிவ்லருந்து ஒரு மங்கல் நகல் எடுத்து, ரெண்டையும் சேர்த்து வச்சு பிரிண்ட் போட்டாங்க. கம்ப்யூட்டரும் மங்கல் நகல் ஒண்ணு எடுத்து, அசலுக்கும் அதுக்கும் உள்ள வித்தியாசத்தை அசல் மேலயே ஏத்துது. விளிம்புல இருட்டு இன்னும் இருட்டாகும், வெளிச்சம் இன்னும் வெளிச்சமாகும், அவ்வளவுதான். புதுசா ஒரு முடிகூட முளைக்காது. ரேடியஸை ஒண்ணு ஒன்றரையில வச்சுட்டு அமௌன்ட்டை மெல்ல ஏத்து.

எங்க நிறுத்துறதுன்னா, காளையோட கொம்பைப் பாரு. வானத்துக்கும் கொம்புக்கும் நடுவுல வெள்ளையா ஒரு கோடு எட்டிப் பார்த்துச்சுன்னா ஓவராயிருச்சு, ரெண்டு படி இறங்கு. ராத்திரிப் படம்னா முதல்ல நாய்ஸைக் குறை, கடைசியா ஷார்ப் பண்ணு. மாத்திப் பண்ணினா அந்த நாய்ஸ் புள்ளியெல்லாம் மணல் மணலாத் தூக்கிக் காட்டும். முக்கியமா, வாட்ஸ்அப்ல வந்த படத்தை வச்சு மல்லுக்கட்டாதே. எடுத்தவங்ககிட்டச் சொல்லி டாக்குமென்ட்டா அனுப்பச் சொல்லு. பாதிப் பேருக்குப் பிரச்சினை அங்கயே தீந்திரும்.

இப்ப ஏஐ விஷயம். ரெமினி மாதிரி ஆப்புல ஒரு தட்டு தட்டினா முகம் பளிச்சுன்னு வந்து நிக்கும். பிக்சல் போன்ல 2022லருந்து அன்ப்ளர் வசதியும் இருக்கு. லேசான மங்கலுக்குத் தாராளமா வச்சுக்கோ. ஆனா முகமே தெரியாத படத்தைக் குடுத்தா, அது பழக்கப்பட்ட ஆயிரக்கணக்கான முகத்துலருந்து தோதா ஒண்ணை வரைஞ்சு குடுக்கும். 2020ல ஒபாமாவோட கட்டங்கட்டமாக் கலைஞ்ச படத்தை இப்படி ஒரு மென்பொருள்கிட்டக் குடுத்தாங்க. வெள்ளைக்காரர் ஒருத்தர் வந்து நின்னாரு!

அப்பத்தா படத்தைத் திதிக்கு ஃபிரேம் போடக் குடுக்குறப்ப இதுதான் நடக்குது. காதுல பாம்படம் காணாமப் போகும், பல்லு வரிசையா முளைக்கும், ஊர்க்காரங்க யாருக்கும் ஆளு தெரியாது. அந்த வேலைக்கு ஆப்பு வேண்டாம். பழைய பிரிண்ட்டை நல்ல ஸ்டூடியோவுல 600 டிபிஐல ஸ்கேன் பண்ணு. கீறலையும் கறையையும் மட்டும் எடுக்கச் சொல்லு, முகத்துல கை வைக்க வேண்டாம்னு முன்னாலயே சொல்லிரு. எந்தப் படமா இருந்தாலும் நகல்ல வேலை பாரு, ஒரிஜினலை அழிச்சிராதே.